கூரை அறுத்த மொறிஸும் வலப்பக்க ஜீப்பும்

விற்பனைக்கு வரும் பழைய கார் ஒன்றைக் காட்டி “எல்லாம் ஒரிஜினல்” என்று சொல்லப்படும்போது, குறைந்தது நான்கு வெவ்வேறு கூற்றுகள் ஒரே சொல்லுக்குள் கட்டப்பட்டுவிடுகின்றன. பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டுள்ள கார் இதுவேதான் என்பது முதலாவது. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட தகடும் கண்ணாடியும் இயந்திரமும் இன்னும் அதிலேயே இருக்கின்றன என்பது இரண்டாவது. ஏதேனும் மாற்றப்பட்டிருந்தாலும் அமைப்பும் நிறமும் தொழிற்சாலை வகுத்தபடியே உள்ளன என்பது மூன்றாவது. இன்னாரிடமிருந்து இன்னாருக்குக் கைமாறி வந்தது என்னும் வரலாறு மெய்யானது என்பது நான்காவது. இவற்றுள் ஒன்று உண்மையாகவும் அடுத்தது பொய்யாகவும் இருப்பது மிக இயல்பு. முதலாவதைச் சோதிக்க உலோகவியலும், இரண்டாவதைச் சோதிக்கப் பாகங்களில் பதிந்துள்ள தேதிகளும், மூன்றாவதற்குத் தொழிற்சாலைப் பதிவேடும், நான்காவதற்குக் காகிதங்களும் துணைசெய்வதால், கூற்றைப் பிரித்துக் கேட்காத வரையில் எந்தச் சோதனையையும் தொடங்க முடியாது.

கண்டியிலிருந்து கிழக்கே, மகாவலி கங்கையை அண்டிக் குண்டசாலை, திகனை வழியாக மகியங்கனைக்குச் செல்லும் வீதியின் ஓரத்துக் கராஜ்களிலும் வீட்டுக் கொட்டில்களிலும் காணக்கூடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின், வொக்ஸ்வாகன், ஜீப் முதலியவற்றுக்கு இந்தக் கேள்வி ஐரோப்பியக் கார்களுக்கு எழுவதைவிடக் கடுமையாக எழுவதற்கு ஒரு பொருளியல் காரணம் உண்டு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களின் தொடக்கம் முதல் 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. புதிய கார் வராத நாட்டில் பழைய காரே ஓடியாகவேண்டியிருந்தது. உதிரிப்பாகமும் வராத நிலையில் கிடைத்ததைப் பொருத்தி ஓட்டுவதே கராஜ்காரரின் கலையாயிற்று. பின்னர் யப்பானிய வாகனங்கள் பெருகியபோது, அவற்றின் இயந்திரங்களும் கியர்ப்பெட்டிகளும் ஆங்கிலேயக் கார்களின் முன்மூடிக்குள் குடியேறின. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் விதிக்கப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இன் தொடக்கத்திலேயே தளர்த்தப்பட்ட இறக்குமதித் தடை பழைய வாகனங்களின் விலையை மறுபடியும் உயர்த்தியது. ஆகவே அறுபது ஆண்டுகளாகக் கண்டி மலைகளில் ஓடிய ஒரு கார் கைபடாமல் இருக்கிறது என்ற கூற்றுத்தான் முதலில் விளக்கம் வேண்டி நிற்கிறது. டட்சன் இயந்திரம் பூட்டிய மைனர் ஒன்று அதனை மறைக்காமல் விற்கப்படுமானால், அதில் ஐயுற எதுவுமில்லை.

சோதனை வாகனத்தின் இலக்கத்தகட்டிலேயே தொடங்கலாம். இலங்கையில் ஒரு வாகனத்துக்கு வழங்கப்படும் பதிவு இலக்கம் உரிமையாளர் மாறினாலும் அதனுடனேயே தொடர்வதால், அவ்விலக்கம் அந்த வாகனம் இந்நாட்டில் முதன்முதல் பதிவான காலத்தைத் தோராயமாகக் காட்டிவிடும். முதலில் ஆங்கில எழுத்துகள் தாங்கிய இலக்கங்கள் இருந்தன. 1957இல் அவற்றுக்குப் பதிலாகச் சிங்களச் ‘ஸ்ரீ’ எழுத்துடன் கூடிய தொடர் வந்தது. இதனை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய ஸ்ரீ எதிர்ப்பு இயக்கமும், தார்பூசி அழிக்கப்பட்ட தகடுகளும், 1958ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு முந்திய மாதங்களின் பதற்றமும் இலங்கைத் தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்தவை. அரசியலில் அவ்வளவு புண்படுத்திய ஓர் எழுத்து, கார் ஆய்வாளருக்குக் கையில் கிடைத்த நம்பகமான காலக்குறியாகவும் அமைந்திருக்கிறது. ஸ்ரீத் தொடருக்குப் பின் இலக்கங்களை மட்டும் கோட்டினால் பிரித்த தொடரும், 2000ஆம் ஆண்டளவில் மாகாணக் குறியுடன் ஆங்கில எழுத்துகள் கொண்ட தொடரும் வந்தன.

இதிலிருந்து நேரடியாகச் சில முடிவுகள் பெறலாம். 1950ஆம் ஆண்டு மைனர் என்று விளம்பரப்படுத்தப்படும் கார் ஸ்ரீ இலக்கம் தாங்கியிருந்தால், அது பழைய நிலையில் பின்னர் இறக்குமதியாகியிருக்கவேண்டும், அல்லது ஆண்டு தவறாகச் சொல்லப்படுகிறது, அல்லது வேறொரு காரின் அடையாளம் இதன்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. மூன்றாவது வழியே மோசடிக்கு வாய்ப்பானது: கழிவாக உடைக்கப்பட்ட காரொன்றின் பதிவுப் புத்தகம் மட்டும் எஞ்சியிருக்க, அதன் இலக்கமும் அடிச்சட்ட எண்ணும் ஆவணமற்ற இன்னோர் உடலுக்கு வந்துசேர்கின்றன. மக்கள் ‘சீ.ஆர். புத்தகம்’ என்று அழைக்கும் அந்தப் பதிவுச் சான்றிதழில் இயந்திர எண், அடிச்சட்ட எண், முதற்பதிவுத் தேதி, முந்திய உரிமையாளர் முதலிய விவரங்கள் உள்ளன. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டோடு அவற்றை ஒப்பிட்ட பின்னரே காரின் அருகில் குனிந்து பார்ப்பது பயனுடையது.

மைனரை எடுத்துக்கொண்டால், எண்ணே ஒரு சிறு வாக்கியமாகப் படிக்கத்தக்கது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளியான இந்தக் கார், முதலில் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள பக்கவால்வு இயந்திரத்தையும், 1952 முதல் 803 கொள்ளளவுள்ள மேல்வால்வு இயந்திரத்தையும், 1956இன் பிற்பகுதி முதல் 948ஐயும், 1962 முதல் 1098ஐயும் பெற்றது. நடுவில் கம்பியால் பிளந்த முன்கண்ணாடி 1956 வரையிலும், ஒற்றை வளைவுக்கண்ணாடி அதன் பின்னருமே பொருத்தப்பட்டன. பிற்காலத்து எண்ணின் முன்னொட்டில் ‘எம்’ மொறிஸையும், ‘ஏ’ இயந்திர வகையையும், ‘2எஸ்’ இரு கதவுச் சலூனையும், ‘4எஸ்’ நாற்கதவுச் சலூனையும், ‘ரீ’ திறந்த கூரைக் காரையும், இறுதி இலக்கம் தொடர் வரிசையையும் குறிக்கின்றன. எனவே ‘எம்ஏ2எஸ்5’ என்று தொடங்கும் எண் கொண்ட கார், தொழிற்சாலையிலிருந்து மூடிய கூரையுடன் வெளியேறிய 1098 கொள்ளளவுச் சலூன் ஆகும். அதன் மேல் இன்று துணிக்கூரை விரிந்திருந்தால், கூரை பின்னர் அறுக்கப்பட்டிருக்கிறது.

கூரையறுப்பு ஏமாற்றாக மட்டும் இருந்தால் பணம்தான் போகும். ஆனால் இங்கே இயற்பியலும் குறுக்கிடுகிறது. மைனர் போன்ற காரில் தனியான கனத்த அடிச்சட்டம் கிடையாது. தரைத்தகடு, கதவடிப் பெட்டிகள், தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு ஒரு மூடிய பெட்டியாகச் சுமையைத் தாங்குகின்றன. கூரையை எடுத்ததும் அப்பெட்டி மேல் திறந்த தொட்டியாகி, முறுக்கு விறைப்பு, அதாவது ஒரு முனை திருகப்படும்போது மறுமுனை அதனைத் தடுக்கும் ஆற்றல், பெருமளவு குறைந்துவிடுகிறது. மலைவீதியின் கொண்டையூசி வளைவில் ஒரு முன்சக்கரம் குழியிலிறங்கும்போது உடல் முறுகுவதும், கதவு இடைவெளிகள் மாறுவதும், நாளடைவில் தூண் அடிகளில் வெடிப்புகள் தோன்றுவதும் இதனால்தான். தொழிற்சாலை இதை அறிந்து, திறந்த காருக்குக் கதவடிப் பெட்டிகளுக்குள் கூடுதல் தகடுகளையும் தூண்களைப் பிடித்துநிறுத்தும் வலுவூட்டல்களையும் சேர்த்தது. ஆகவே ஐயத்துக்குரிய திறந்த மைனரில் பார்க்கவேண்டியவை துணிக்கூரையின் தையலோ பளபளக்கும் குரோமோ அல்ல. இருக்கைக்குக் கீழும் கதவடியிலும் அந்த வலுவூட்டல் தகடுகள் இருக்கின்றனவா, அவை தொழிற்சாலையின் ஒழுங்கான புள்ளிப் பற்றவைப்பால் இணைக்கப்பட்டுள்ளனவா, அல்லது கராஜின் தொடர்ப் பற்றவைப்பு மணிகளுடன் உள்ளனவா என்பதே கேள்வி. திறந்த மைனரின் உற்பத்தி 1969இலேயே நின்றுவிட்டதால், 1970ஆம் ஆண்டுத் திறந்த மைனர் என்ற விளம்பரத்துக்குக் காரைப் பார்க்கவே வேண்டியதில்லை. திருமண ஊர்வலத்துக்கு அழகாக இருக்கிறது என்பதற்காகக் கூரை அறுப்பது ஒருவர் உரிமை. வலுவூட்டாமல் அறுத்துவிட்டு அதனைத் தொழிற்சாலைத் தயாரிப்பென்று விற்பது இரட்டைக் குற்றம்.

பத்து இலட்சமாவது மைனர் உற்பத்தியானதை ஒட்டி, 1960–61 காலத்தில் இளம் ஊதா நிறத்தில் 350 நினைவுக் கார்கள் தயாரிக்கப்பட்டு, முன்மூடியின் பக்கங்களில் ‘1000’ என்பதற்குப் பதிலாக ‘1000000’ என்ற சின்னம் பதிக்கப்பட்டது. சின்னம் இன்று எளிதில் வாங்கத்தக்கது. நிறமும் ஒரு டப்பாவில் கிடைக்கும். ஆனால் 350 கார்களுக்குமான தொடர் எண்கள் தொழிற்சாலைப் பதிவில் அடைபட்டிருப்பதால், எண்ணைக் கேட்டால் விவாதம் முடிந்துவிடும். அரிய வகைகளை விற்பவர்கள் நிறத்தையும் சின்னத்தையும் பற்றியே நெடுநேரம் பேசுவது கவனிக்கத்தக்கது.

மலைநாட்டு ஜீப்புகள் இன்னும் சுவையான பாடம். 1944இல் மௌண்ட்பேற்றனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு இடம்மாறிப் பேராதனையில் இயங்கியதால், ‘போர்க்கால ஜீப்’ என்ற கதை இப்பகுதியில் கேட்பவரை எளிதில் நம்பவைக்கிறது. போரின்போது வில்லிஸ், போர்ட் என்னும் இரு நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே வடிவத்தில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டின. அவை அனைத்தும் தொழிற்சாலையிலிருந்து இடப்பக்கச் சுக்கானுடனேயே வந்தன. இடப்பக்கம் ஓட்டும் இலங்கைக்கு வலப்பக்கச் சுக்கானே உரியது என்பதால் அதனைக் கண்டு யாரும் வியப்பதில்லை. ஆனால் வலப்பக்கச் சுக்கானுடன் நிற்கும் ‘1944 ஜீப்’ ஒன்று, பின்னர் மாற்றப்பட்டதாகவோ, போருக்குப் பிந்திய பொதுப்பயன் ஜீப்பாகவோ, 1940களின் இறுதி முதல் இந்தியாவில் மகிந்திரா பொருத்தத் தொடங்கிய வழியில் வந்ததாகவோதான் இருக்கமுடியும். முகப்புத் தகட்டின் பிளவுகளை எண்ணினால் போர்க்கால ஜீப்பில் ஒன்பதும் பொதுப்பயன் ஜீப்பில் ஏழும் இருக்கும். போர்க்காலத்ததில் பின்கதவு இல்லை. மேலதிகச் சக்கரம் பின்புறத்தில் தொங்கும். எரிபொருள் ஊற்றும் வாய் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும். பொதுப்பயன் ஜீப்பில் பின்கதவு உண்டு, ஊற்றும் வாய் உடலின் பக்கத்துக்கு வந்துவிட்டது.

உடல் மாற்றப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அடிச்சட்டத்தைப் பார்க்கவேண்டும். முன்னுள்ள குறுக்குச்சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாயாகவும், போர்ட்டில் கவிழ்த்த தொட்டி வடிவிலும் அமைந்திருக்கிறது. இது சற்றுக் குனிந்து பார்ப்பவருக்கே தெரிந்துவிடும். வில்லிஸ் தன் தொடர் எண்ணை அடிச்சட்டத்தின் உட்புறம் தறையப்பட்ட ஒரு சிறு தகட்டில் வைத்தது; போர்ட் எண்ணை அடிச்சட்டத்தின் மேற்பரப்பிலேயே அடித்துப் பதித்தது. தன் பாகங்களுக்குத் தானே பொறுப்பு என்பதைக் காட்டிக்கொள்ள, போர்ட் ஆணித்தலைகள் உட்பட எண்ணற்ற பாகங்களில் தன் பெயரின் முதலெழுத்தையும் பதித்தது. ஆகையால் போர்ட் என்று விற்கப்படும் ஜீப்பில் அவ்வெழுத்து ஒன்றிலும் இல்லாமற்போவது கேள்விக்குரியது. எல்லாவற்றிலும், மாற்றப்பட்டே தீரும் உராய்வுப் பாகங்களில்கூட, குறையின்றி இருப்பது இன்னும் கேள்விக்குரியது, ஏனெனில் அப்படிப்பட்ட ஆணிகள் இன்று புதிதாகவே தயாராகின்றன.

அடித்துப் பதித்த எண்ணை அரைத்து அழித்துவிட்டு வேறெண் பதிப்பதைக் கண்டுபிடிக்க உலோகவியல் தரும் வழி நுட்பமானது. உருக்கு, எண்ணற்ற நுண்படிகங்களால் ஆனது. எண் அச்சினால் ஓர் இலக்கம் அடிக்கப்படும்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளம் மட்டுமன்றி, அதற்குக் கீழும் சுற்றிலும் படிகங்களின் அணு வரிசைகள் பிறழ்ந்து, உள்ளழுத்தம் நிறைந்த ஒரு பகுதி உருவாகிறது. பள்ளத்தின் அடிவரை மட்டும் அரைத்தவர் அப்பகுதியை அகற்றியிருக்கமாட்டார். பிறழ்வுற்ற உலோகம் இயல்பான உலோகத்தைவிட எளிதில் வினைபுரியும் என்பதால், மெருகேற்றிய பரப்பில் செப்புக் குளோரைட்டும் ஐதரோக்குளோரிக் அமிலமும் சேர்ந்த அரிப்புக் கரைசலைப் பூசினால், அழிந்த இலக்கம் சற்றே வேறான நிறத்தில் மீண்டும் தெரியத் தொடங்கும். அமிலத்துக்குப் பதிலாக, உலோகத்தைக் காந்தமேற்றி நுண்ணிரும்புத் தூள் தெளிக்கும் முறையும் உண்டு. பிறழ்வுற்ற இடத்தில் காந்தப்புலம் கசிவதால் தூள் அங்கே திரளும். இவை கராஜில் செய்யக்கூடியவை அல்ல. தவறாகப் பூசப்பட்ட அமிலம் சான்றையே அழித்துவிடும் என்பதால் இவை குற்றவியல் ஆய்வுகூடங்களின் பொறுப்பு. வாங்குபவருக்குக் கண்ணே போதுமானது: எண்ணைச் சுற்றிய பரப்பு அண்டைப் பரப்பைவிடத் தாழ்ந்திருத்தல், அரைத்த கோடுகள் ஒரே திசையில் ஓடுதல், இலக்கங்களின் ஆழமும் வரிசையும் சீரற்றிருத்தல், அந்த இடத்தில் மட்டும் வர்ணம் புதிதாக இருத்தல் ஆகியவை தெரிந்தால் பேரம் அங்கேயே நிற்கவேண்டும். எண் தகட்டில் மட்டும் உள்ள கார்களில், தகட்டைவிட அதைப் பிடித்திருக்கும் தறையாணிகளையே முதலில் பார்ப்பது நல்லது.

வர்ணத்துக்கு அடியில் என்ன உள்ளது என்பதை அறியும் கருவி எளியது. வர்ணத் தடிப்புமானி, காந்தத் தூண்டலைக் கொண்டு உருக்கின் மேலுள்ள பூச்சின் தடிப்பை மைக்ரோன் கணக்கில் காட்டுகிறது. மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொழிற்சாலைப் பூச்சு பொதுவாகச் சில நூறு மைக்ரோனைத் தாண்டாது. மறுவர்ணம் அதைக் கூட்டும். நெளிவையும் துருவையும் மறைக்க அப்பப்படும் பட்டி உள்ள இடத்தில் அளவீடு ஆயிரத்தைத் தாண்டிச் செல்லும். மெல்லிய துணி சுற்றிய ஒரு சிறு காந்தமும் இதையே பருமட்டாகச் சொல்லும். லாண்ட் ரோவரில் மட்டும் காந்தம் பயன்படாது, அதன் உடல் அலுமினியக் கலவையாலானது. வர்ணத்தின் மூலநிறத்தை அறிய முன்மூடியைப் பார்ப்பதில் பயனில்லை. கதவின் உள்மட்டைக்குப் பின்னாலும், எரிபொருள் தாங்கியின் அடியிலும், முகப்புப் பலகைக்குப் பின்னாலும் மறுவர்ணம் பூசுபவரின் குழாய் எட்டுவதில்லை.

“மலைநாட்டுக் கார், உப்புக்காற்றுப் படவில்லை” என்ற வாதம் கண்டியில் அடிக்கடி கேட்கக்கூடியது. அதில் பாதி அறிவியல் உண்டு. காற்றின் சார்ஈரப்பதம் ஏறத்தாழ 60 வீதத்தைத் தாண்டும்போது உருக்கின் மேல் நுண்ணிய நீர்ப்படலம் தங்கித் துரு விரைகிறது. கடற்கரையின் குளோரைட்டு அப்படலத்தை மின்கடத்தியாக்கி வினையை மேலும் துரிதப்படுத்துகிறது. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் கண்டிக்குக் குளோரைட்டுத் தொல்லை குறைவு, ஈரப்பதம் குறைவன்று. கதவடிப் பெட்டியில் தேங்கும் மழைநீர் எந்த ஊரிலும் தன் வேலையைச் செய்யும். தவிர, இன்று குண்டசாலையில் நிற்கும் கார் தன் முதல் முப்பது ஆண்டுகளை மட்டக்களப்பில் கழித்ததா என்பதைப் பதிவுப் புத்தகத்தின் முந்திய உரிமையாளர் முகவரிகளே சொல்லவேண்டும்.

பாகங்களில் பதிந்த தேதிகள் இரண்டாவது கூற்றின் சாட்சிகள். லூகாஸ் நிறுவனத்தின் டைனமோ, ஸ்ராற்றர் மோட்டார் முதலியவற்றின் உடலில் உற்பத்தி மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். டிரிப்பிளெக்ஸ் கண்ணாடியில் வணிகக்குறியின் எழுத்துகளை ஒட்டிய சிறு புள்ளிகள் ஆண்டையும் காலாண்டையும் காட்டும், ஆனால் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே குறிக்கப்படுவதால் 1957ஆ 1967ஆ என்பதை வேறு வழியில் தீர்மானிக்கவேண்டும். பாகங்கள் கார் கட்டப்படுவதற்குச் சில வாரங்களோ மாதங்களோ முந்தியே தயாராகியிருக்கவேண்டும் என்பதே விதி. காரைவிட இளைய பாகம் மாற்றப்பட்ட பாகம். காரைவிட நான்காண்டு மூத்த பாகம் வேறு காரிலிருந்து வந்தது. எல்லாக் கண்ணாடிகளும் ஒரே காலாண்டைக் காட்டி, முன்கண்ணாடி மட்டும் பத்தாண்டு இளையதாக இருந்தால் அதுவே நம்பத்தக்க கார்: கல்தெறித்து முன்கண்ணாடி உடைவது இயல்பு. மொறிஸ் ஒக்ஸ்போர்டின் மூன்றாம் தொடரிலிருந்து பிறந்த இந்திய அம்பாசடரின் பாகங்கள் பல ஒக்ஸ்போர்டுக்குப் பொருந்துவதும், 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிறுவனமொன்றின் கூட்டு முயற்சியாக இலங்கையிலேயே மைனர் தகடுகள் உற்பத்தியாகத் தொடங்கியதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கவை. இலங்கையில் தயாரான தகட்டை அணிந்து இங்கிலாந்தில் ஓடும் மைனர்கள் உண்டு என்பதால், தகடு புதிதென்பது இழிவல்ல, மறைப்பதே இழிவு.

காகிதத்துக்கு வந்தால், இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் பழைய தொழிற்சாலைப் பேரேடுகளிலிருந்து மரபுச் சான்றிதழ் வழங்குகிறது. கார் கட்டி முடிந்த தேதி, அனுப்பப்பட்ட நாடு, மூலநிறம், முதல் இயந்திர எண் ஆகியவை அதில் இடம்பெறலாம். கொழும்புக்கு அனுப்பப்பட்டதாகப் பேரேடு சொல்லும் கார் கண்டியில் நிற்பது மனநிறைவு தரும். பழையதென்று காட்டப்படும் கடிதத்தையும் ரசீதையும் புறஊதா விளக்கின் கீழ் பார்ப்பது வீண்போகாது. காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிர்வுப் பொருள்கள் 1950களிலேயே பரவலாகச் சேர்க்கப்பட்டன என்பதால், நீலமாய் ஒளிரும் ‘1938ஆம் ஆண்டு’ ரசீது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். இருக்கையின் தையல் நூலும் அவ்விளக்கின் கீழ் அதே வகையில் தன் காலத்தைச் சொல்லும்.

புகழ்பெற்றவர் பயன்படுத்திய கார் என்ற கூற்றுக்குக் கொழும்பின் காலிமுகத் திடல் ஹோட்டலில் காட்சிக்கிருக்கும் 1935ஆம் ஆண்டு ஸ்ராண்டட் நைன் நல்ல எடுத்துக்காட்டு. 1940இல் கடற்படை இளைஞராக இலங்கையில் இருந்த பிலிப், பின்னாளைய எடின்பரோக் கோமகன், 12 பவுணுக்கு வாங்கியதாக அறியப்படும் அந்தக் காருக்கு, பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஒரே இடத்தில் பேணப்படும் வரலாறு இருக்கிறது. தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் கார் என்ற கூற்றுக்கு அப்படிப்பட்ட தொடர்ச்சி பெரும்பாலும் கிடைப்பதில்லை. கதையின் கண்ணிகள் எந்த ஆண்டுகளில் அறுந்துள்ளன என்பதைப் பதிவுப் புத்தகத்தோடு வைத்துப் பார்ப்பதே அதற்கான சோதனை.

தொடர்ச்சி எவ்வளவு தூரம் பாகங்களை வெல்லும் என்பதற்கு 1990இல் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பான பென்ற்லி வழக்கு பதில் தந்தது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளும் லெ மான் போட்டியில் வென்ற ‘பழைய முதலாம் எண்’ பென்ற்லியை ஒரு கோடி பவுணுக்கு வாங்க ஒப்பிய நிறுவனம், காரில் 1929இன் பாகங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்று கூறிப் பணம் தர மறுத்தது. அக்கார் பந்தயக் காலத்திலேயே அடிச்சட்டம், இயந்திரம், உடல் எனப் பல மாற்றங்களுக்கு உள்ளாகியிருந்தது. அது 1929இல் இருந்த அதே கார் அல்ல, ஆயினும் இடையறாத வரலாற்றினால் அதுவே மெய்யான ‘பழைய முதலாம் எண்’ என்று நீதிபதி ஒற்றன் தீர்த்து, விற்றவர் பக்கம் நின்றார். அந்தப் பென்ற்லியின் ஒவ்வொரு மாற்றமும் எப்போது, யாரால் செய்யப்பட்டது என்பதற்கு ஆவணம் இருந்தது. குண்டசாலையில் விற்பனைக்கு வரும், டீசல் இயந்திரம் பூட்டிய மைனருக்கும் அதுவே வேண்டும், இயந்திர மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பதை முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் பார்த்துக்கொள்ளலாம்.